போர் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

அமெரிக்காவின் ரகசிய அணுகுண்டுத் திட்டம் 1945 ஆகஸ்ட்டோடு முடிந்துபோன கதை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிப் புத்தகத்தில் அப்படித்தானே வரும்: ஹிரோஷிமா, நாகசாகி, ஜப்பான் சரண், அடுத்த பாடம். ஆனால் அந்தக் குண்டைச் செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து சேர்ந்த கழிவைச் சுத்தம் செய்ய, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஓர் இடத்துக்கு இன்றும் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலைக்குப் போய்வருகிறார்கள். அந்தக் கழிவு எப்படி வந்தது, எண்பது வருடமாகியும் ஏன் தீரவில்லை, அதோடு சேர்ந்து வேறு என்னென்ன மிச்சமிருக்கின்றன என்பதை இயற்பியல் பக்கமே போகாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

திட்டத்தின் பெயர் மன்ஹாட்டன் திட்டம். முதல் அலுவலகம் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் இருந்ததால் வந்த பெயர், அவ்வளவுதான். பெரும்பாலான வேலை நடந்தது வேறு ஊர்களில். ஹிட்லரின் ஜெர்மனி முந்திக்கொண்டுவிடுமோ என்ற பயத்தில், 1939ல் இயற்பியலாளர் லியோ சிலார்டு எழுதி ஐன்ஸ்டைன் கையெழுத்துப் போட்ட கடிதம் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் போனது. 1942ல் ராணுவம் பொறுப்பெடுத்து, லெஸ்லி க்ரோவ்ஸ் என்ற ராணுவப் பொறியாளரைத் தலைவராகப் போட்டது. குண்டை வடிவமைக்க நியூ மெக்சிகோவில் அமைந்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்க, இயற்பியலாளர் ராபர்ட் ஓப்பன்ஹைமரை அவர் தேர்ந்தெடுத்தார். மொத்தச் செலவு அன்றைய மதிப்பில் சுமார் 200 கோடி டாலர். உச்சகட்டத்தில் 1,30,000 பேர் வரை வேலை செய்தார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் செய்வது என்னவென்றே தெரியாது.

சரி, குண்டுக்கு என்ன வேண்டும்? நியூட்ரான் வந்து மோதினால் உடைந்து, உடையும்போதே மேலும் நியூட்ரான்களை வீசி, அடுத்த அணுவையும் உடைக்கக்கூடிய ஒரு பொருள் வேண்டும். இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுவை எடுத்தால், அதில் ஏழு மட்டுமே அப்படி எளிதாக உடையும் யுரேனியம் 235. மீதி 993ம் யுரேனியம் 238. இரண்டும் வேதியியலில் ஒன்றேதான், எந்த அமிலத்தில் கரைத்தாலும் சேர்ந்தே கரையும், சேர்ந்தே படியும். எடையில் மட்டும் ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசம். அந்தத் துளி வித்தியாசத்தை வைத்து ஏழை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

அந்த வேலைக்காகவே டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்ற ஊர் முளைத்தது. 1942க்கு முன் வரைபடத்தில் இல்லாத ஊர், 1945ல் அங்கே 75,000 பேர். அங்கிருந்த ஒரு முறை ராட்சதக் காந்தங்களை வைத்துப் பிரிப்பது: யுரேனியத்தை மின்னூட்டமேற்றி காந்தப்புலத்துக்குள் ஓடவிட்டால், வளைவில் பாரவண்டி அகலமாகத் திரும்புகிற மாதிரி கனமான அணு அகலமாகத் திரும்பும், லேசானது உள்பக்கமாகத் திரும்பும், இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளலாம். காந்தச் சுருளுக்குத் தாமிரம் வேண்டும், போரில் தாமிரத்துக்குப் பஞ்சம். அதனால் அரசுக் கருவூலத்தில் இருந்த வெள்ளியைக் கடனாகக் கேட்டார்கள். எத்தனை டன் என்று பேச்சு வந்தபோது, நாங்கள் வெள்ளியை டன்னில் அளப்பதில்லை, அவுன்ஸில்தான் என்று கருவூல அதிகாரி கொஞ்சம் கடுப்பாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. கடைசியில் வாங்கியது சுமார் 14,700 டன். அந்த இயந்திரங்களின் முன் உட்கார்ந்து முள்ளை ஒரே இடத்தில் நிறுத்திவைத்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்கள். எதை அளக்கும் முள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வெள்ளியின் கடைசிப் பகுதி 1970ல் கருவூலத்துக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தது. கடனாக வாங்கியதில் ஒழுங்காகத் திரும்பிப் போனது அந்த வெள்ளி ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். ஏன் என்று வருகிறேன்.

இரண்டாவது வழி புளூட்டோனியம். பயனில்லாதது என்று ஒதுக்கிய அந்த 993 இருக்கிறதே, அதை அணு உலைக்குள் வைத்து நியூட்ரானால் அடித்தால் அதில் கொஞ்சம் புளூட்டோனியம் 239 ஆக மாறும். இதுவும் எளிதாக உடையும். தவிர, இது வேறு தனிமம் என்பதால் வேதியியல் முறையிலேயே பிரிக்கலாம், காந்தம் வேண்டாம். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? கழிவுக் கதை முழுக்க இந்த எளிய வழியிலிருந்து வந்ததுதான்.

உலைக்குக் குளிர்ந்த ஆற்று நீர் வேண்டும், மின்சாரம் வேண்டும், ஏதாவது வெடித்தால் சாக அதிகம் பேர் இருக்கக்கூடாது. வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் ஹான்ஃபோர்ட், வைட் பிளஃப்ஸ் என்று பழத்தோட்டங்கள் நிறைந்த இரண்டு சிற்றூர்கள் அகப்பட்டன. 1943ல் அங்கிருந்த குடியானவர்களுக்கு நோட்டீஸ் போனது: காலி செய்யுங்கள். சிலருக்கு முப்பது நாள்தான் அவகாசம். காரணம் சொல்லவில்லை, போருக்குத் தேவை என்றார்கள். அந்த ஆற்றில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வந்த வானபம் பழங்குடியினரையும் விலக்கினார்கள். சுமார் 1,500 சதுர கிலோமீட்டர் நிலம். போர் முடிந்தது, நிலம் அந்தக் குடும்பங்களிடம் திரும்பிப் போகவே இல்லை. போயிருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்?

உலையிலிருந்து வெளியே எடுத்த யுரேனியத் துண்டுகள் பயங்கரக் கதிர்வீச்சோடு இருக்கும், கிட்டே போகவே முடியாது. ஒரு டன் யுரேனியத்தில் கிடைக்கும் புளூட்டோனியம் சில நூறு கிராம். அந்தச் சில நூறு கிராமை எடுக்க மொத்த டன்னையும் நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். தடித்த கான்கிரீட் சுவருக்கு வெளியே நின்று, தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளால் இதைச் செய்தார்கள். புளூட்டோனியத்தை எடுத்த பிறகு மிஞ்சுவது, உடைந்த அணுக்களின் துண்டுகளான சீசியம், ஸ்ட்ரான்ஷியம் போன்றவை கலந்த கொதிக்கும் அமிலக் குழம்பு. இதை எங்கே வைப்பது?

அமிலத்தை வைக்க எவர்சில்வர் தொட்டி வேண்டும். போர்க்காலத்தில் அத்தனை பெரிய தொட்டிகளுக்கு எவர்சில்வர் எங்கே போவது? அதனால் குழம்பில் காஸ்டிக் சோடாவைக் கொட்டி அமிலத்தன்மையை முறித்து, சாதாரண இரும்புத் தகடு போட்ட கான்கிரீட் தொட்டிகளில் ஊற்றி மண்ணுக்குள் புதைத்தார்கள். இரும்பு அரிக்காது, நல்லது. ஆனால் காஸ்டிக் சோடா சேர்த்ததால் கழிவின் அளவு ஊதிப் பெருத்தது, அதில் ஒரு பகுதி கீழே சேறாகப் படிந்தது, மேலே உப்புக் கட்டி, அதற்கு மேல் திரவம். அமிலமாகவே விட்டிருந்தால் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்திருக்கலாம், இதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொட்டிகள் இருபது வருடம் தாங்கினால் போதும் என்ற கணக்கு. அதற்குள் போர் முடிந்திருக்கும், யாராவது நிதானமாக உட்கார்ந்து நல்ல வழி கண்டுபிடித்திருப்பார்கள் என்பது எண்ணம். முதல் இரண்டு வருடத்து அவசரத்தில் அந்த முடிவை நானும் எடுத்திருப்பேனோ என்னவோ, குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் போர் முடிந்து, அமைதி வந்து, பணம் வந்து, எவர்சில்வரும் வந்த பிறகும் 1964 வரை அதே மாதிரி ஒற்றைச் சுவர்த் தொட்டியைத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு என்ன சமாதானம் சொல்வது?

ஒற்றைச் சுவர் 149, பின்னால் கட்டிய இரட்டைச் சுவர் 28, ஆக 177 தொட்டிகள். உள்ளே சுமார் 21 கோடி லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 17,500 லோடு. இந்தக் கழிவில் பெரும்பகுதி போர்க்காலத்தது அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று உலைகளோடு தொடங்கிய ஹான்ஃபோர்ட், சோவியத்தோடு போட்டி வந்ததும் ஒன்பது உலையாக வளர்ந்து 1987 வரை ஓடியது, அமெரிக்க ஆயுதங்களுக்கான புளூட்டோனியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அங்கிருந்து வந்தது. ஆனால் வேலை செய்யும் முறை, தொட்டி, மனோபாவம் எல்லாம் 1943ல் போட்ட தடம்தான்.

தொட்டிகளில் 67 கசிந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஒரே ஒரு தொட்டியிலிருந்து 1973ல் மட்டும் நாலு லட்சம் லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் போனது. மட்டம் குறைந்துகொண்டே வந்ததை வாரக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. கொஞ்சம் தெளிவான கழிவுநீரை எல்லாம் தொட்டிக்கே அனுப்பாமல் நேராக மண்ணில் விட்டார்கள், மண் வடிகட்டிக்கொள்ளும் என்று. அங்கே உருளும் ஒரு முட்செடி இருக்கிறது, நம் கடற்கரையில் காற்றில் உருண்டோடும் ராவணன் மீசை மாதிரி, ஆனால் முழுச்செடியே காய்ந்து பிய்த்துக்கொண்டு உருளும். அதன் வேர் ஆழமாகப் போய் மண்ணிலிருக்கும் ஸ்ட்ரான்ஷியத்தை, கால்சியம் என்று நினைத்து உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் கதிர்வீச்சோடு ஊர்வலம் கிளம்பும். அதைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் உண்டு.

இங்கே அரை ஆயுள் என்ற சொல்லைப் புரிந்துகொள்வது நல்லது. ஒரு கதிரியக்கப் பொருளில் பாதி அணுக்கள் சிதைந்து வேறாக மாற எடுக்கும் காலம்தான் அது. அயோடின் 131க்கு எட்டு நாள். எட்டு நாளில் பாதி, பதினாறு நாளில் கால், இப்படியே மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சீசியம் 137க்கும் ஸ்ட்ரான்ஷியம் 90க்கும் சுமார் முப்பது வருடம், அதாவது 1945ல் உண்டானதில் இன்றும் ஆறில் ஒரு பங்கு இருக்கும். புளூட்டோனியம் 239க்கு 24,100 வருடம். சீக்கிரம் தீர்வது ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடக்கூடாது. சீக்கிரம் சிதைகிறது என்றால் அந்தக் கொஞ்ச நாளில் கதிர்வீச்சை அள்ளி வீசுகிறது என்று அர்த்தம்.

அயோடினை உதாரணம் காட்டியதற்குக் காரணம் இருக்கிறது. உலையிலிருந்து எடுத்த யுரேனியத்தைச் சில வாரமாவது ஆறவிட்டுத்தான் அமிலத்தில் கரைக்க வேண்டும், இல்லையென்றால் அயோடின் ஆவியாகிப் புகைபோக்கி வழியாகப் போய்விடும். போர் அவசரத்தில் போதுமான அளவு ஆறவிடவில்லை. 1944 முதல் 1947க்குள் கிட்டத்தட்ட ஏழு லட்சம் கியூரி (கியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின் 131 காற்றில் போனது. அது புல்லில் படியும், புல்லை மாடு தின்னும், பாலைக் குழந்தை குடிக்கும், குழந்தையின் தைராய்டு சுரப்பி அதைச் சாதாரண அயோடின் என்று நினைத்து இழுத்து வைத்துக்கொள்ளும். இது தவறுதலாக நடந்தது என்றாவது ஒரு பேச்சுக்குச் சொல்லலாம். 1949 டிசம்பரில் நடந்ததை அப்படிக்கூடச் சொல்ல முடியாது. அந்த வருடம் ஆகஸ்ட்டில் சோவியத் ஒன்றியம் முதல் குண்டை வெடித்திருந்தது, அவர்களுடைய ஆலைகளைத் தொலைவிலிருந்தே மோப்பம் பிடிக்கும் கருவிகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. அதற்காக வேண்டுமென்றே சரியாக ஆறாத எரிபொருளைக் கரைத்து, ஒரே இரவில் சுமார் 8,000 கியூரி அயோடினை வெளியே விட்டார்கள். 1979ல் உலகத்தையே பதறவைத்த, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தில் வெளியான அயோடின் இருபது கியூரிக்கும் குறைவு. காற்று வீசிய திசையில் பால் கறந்துகொண்டிருந்த விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1986ல், மக்கள் கேட்டுக் கேட்டு, 19,000 பக்க ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் அவர்களுக்கே தெரிந்தது.

கழிவைப் போலவே ரகசியமும் போருக்காகத் தற்காலிகமாக ஆரம்பித்ததுதான். ஒவ்வொருவருக்கும் தன் வேலைக்குத் தேவையானது மட்டும் தெரிந்தால் போதும் என்பது க்ரோவ்ஸின் விதி. லாஸ் அலமோஸில் பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் தபால் பெட்டி 1663 என்றிருக்கும். துணை அதிபராக இருந்த ட்ரூமனுக்கே, ரூஸ்வெல்ட் இறந்து தான் அதிபரான பிறகுதான் முழு விவரமும் தெரிந்தது. ஆனால் ஸ்டாலினுக்குத் தெரிந்திருந்தது, லாஸ் அலமோஸில் வேலை பார்த்த கிளாவ்ஸ் ஃபூக்ஸ் போன்றவர்கள் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போர் முடிந்ததும் 1946ல் ஒரு சட்டம் போட்டு, அணு ஆயுதம் சம்பந்தப்பட்ட தகவல் எதுவானாலும் யாரும் முத்திரை குத்தாமலேயே, பிறக்கும்போதே ரகசியம் என்றாக்கினார்கள். இந்த ரகசியத்தைச் சோவியத்திடமிருந்து நாலு வருடம்கூடக் காப்பாற்ற முடியவில்லை. சொந்த நாட்டு விவசாயியிடமிருந்து நாற்பது வருடம் காப்பாற்றினார்கள்.

1945 ஜூலை 16 அதிகாலை 5.29க்கு நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் சோதனை வெடிப்பு. ஆள் இல்லாத இடம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். டூலரோசா பள்ளத்தாக்கிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆடு மேய்த்துக்கொண்டு, கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்துக்கொண்டு இருந்தவர்களை யாரும் ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை போல. குண்டிலிருந்த சுமார் ஆறு கிலோ புளூட்டோனியத்தில் ஒரு கிலோ அளவுதான் உடைந்தது, மிச்சம் தூளாகிக் காற்றோடு போனது. வெள்ளையாகச் சாம்பல் விழுந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ராணுவம் அன்றைக்குச் சொன்னது, வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது, உயிர்ச்சேதம் இல்லை. 1990ல் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் வந்தபோது பின்னாளில் நெவாடாவில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்தார்கள், முதல் குண்டின் அக்கம்பக்கத்தாரை விட்டுவிட்டார்கள். அவர்களையும் சேர்த்து, ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் என்று சட்டம் திருத்தப்பட்டது 2025 ஜூலை 4. வெடிப்புக்கு எண்பது வருடம் நிறையப் பன்னிரண்டு நாள் பாக்கி.

இதைவிட மனசைக் குடைகிற ஒன்று உண்டு. புளூட்டோனியம் உடம்புக்குள் போனால் எவ்வளவு தங்கும் என்று தொழிலாளர் பாதுகாப்புக்காகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்காக 1945 முதல் 1947க்குள் 18 பேருக்கு, வேறு நோய்க்கென்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு, உண்மையைச் சொல்லி ஒப்புதல் வாங்காமல் புளூட்டோனியத்தை ஊசியில் ஏற்றினார்கள். 1993ல் ஒரு பத்திரிகையாளர் அவர்களில் சிலரின் பெயர்களைத் தோண்டி எடுத்தார். 1995ல் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார்.

ஹிரோஷிமா, நாகசாகி பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன், சின்ன விஷயம் என்பதால் அல்ல. 1945 முடிவதற்குள் இரண்டு ஊரிலும் சேர்த்து இறந்தவர்கள் சுமார் இரண்டு லட்சம். பிழைத்தவர்களை ஜப்பானில் ஹிபாகுஷா என்பார்கள். போருக்குப் பின் ஜப்பானை ஆண்ட அமெரிக்க நிர்வாகம் குண்டின் பாதிப்பைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதத் தணிக்கை போட்டதால், ஆரம்ப வருடங்களில் அவர்கள் நிலை ஜப்பானியர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்கும் வேலைக்கும் அவர்களை ஒதுக்கினார்கள். வெடிப்புக்குப் பின் பெய்த கறுப்பு மழையில் நனைந்தவர்களும் ஹிபாகுஷாதான் என்று ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் விரிவாகத் தீர்ப்புச் சொன்னது 2021ல். அவர்களுடைய அமைப்பான நிஹோன் ஹிடான்கியோவுக்கு 2024ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குண்டுகளுக்கான யுரேனியத்தில் பெரும்பகுதியை வெட்டிக் கொடுத்த பெல்ஜியக் காங்கோவின் ஷின்கொலோப்வே சுரங்கத் தொழிலாளர்களை எந்தப் பரிசும் எட்டவில்லை, இழப்பீடும் எட்டவில்லை.

நல்லதே மிஞ்சவில்லையா என்றால், மிஞ்சியது. 1946 ஆகஸ்ட்டில் ஓக் ரிட்ஜ் உலையிலிருந்து ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கொஞ்சம் கார்பன் 14 போனது. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உலையில் உண்டாகும் இம்மாதிரிக் கதிரியக்க அணு வகைகளை (ஐசோடோப்புகளை) வெளியாருக்கு அனுப்பும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் ஆய்வுக்கூடங்கள்தான் அமெரிக்காவின் தேசிய ஆய்வுக்கூடங்களாக வளர்ந்தன. ஹான்ஃபோர்ட் பின்னாளில் பயன்படுத்திய பியூரெக்ஸ் என்ற பிரித்தெடுக்கும் முறைதான் இன்று கல்பாக்கத்தில் எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் எடுக்கவும் பயன்படுகிறது. இதை நல்லதன் பட்டியலில் வைப்பதா வேண்டாமா என்பது நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது.

ஹான்ஃபோர்ட் தொட்டிகளுக்கு வருவோம். 1989ல் மத்திய அரசும் மாநில அரசும் சுத்தம் செய்ய ஒப்பந்தம் போட்டன. இன்னும் எவ்வளவு செலவாகும் என்று 2019ல் போட்ட கணக்கு, குறைந்தது 32,300 கோடி டாலர், அதிகம் போனால் 67,700 கோடி. மன்ஹாட்டன் திட்டத்துக்கு ஆன 200 கோடியை இன்றைய மதிப்புக்கு மாற்றினாலும் 3,000, 4,000 கோடிதான் வரும். தேர்ந்தெடுத்த வழி, கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கிக் கட்டியாக்குவது. கண்ணாடிக்குள் சிக்கியது எளிதில் தண்ணீரில் கரைந்து போகாது. ஆலை கட்ட ஆரம்பித்தது 2002ல், கதிர்வீச்சு குறைந்த வகைக் கழிவில் முதல் கண்ணாடி வார்த்தது 2025 அக்டோபரில். கடுமையான கழிவை உருக்கும் ஆலை இன்னும் தயாராகவில்லை. உருகிய அந்தக் குழம்பை ஆள் உயரத்துக்கும் மேலான உருளைக் கலன்களில் ஊற்றி ஆறவைக்கிறார்கள், நிரம்பிய கலன் ஒன்று ஏழு டன் வரும். கலன்கள் எவர்சில்வர்.